சென்டோஸ் 7-ஐ விட்டு வெளியே வந்த கதை: உங்களுக்கு எது உடைந்தது?

ஜூரோங்வாசி:
சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடியும் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஜூலையில்தான் பதறினார்கள். எங்கள் சி++ நிரலை ராக்கி லினக்ஸ் 9-க்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி, 4.8-இலிருந்து ஒரே தாவலில் 11.

எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டின. அவற்றை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போதுதான், அதாவது லிங்க் செய்யும்போதுதான், மாட்டிக்கொண்டேன். ஓர் அளவீட்டுக் கருவிக்காக வெளியே வாங்கிய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) அது. சோர்ஸ் (மூல நிரல்) கிடையாது, கம்பைல் ஆன பைனரி மட்டும். அதிலுள்ள ஃபங்ஷனையே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’, அதாவது அப்படி ஒன்று இல்லை, என்கிறது லிங்கர். திறந்து பார்த்தால் பெயர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது!

கோப்பிக் கடை மூடுகிற நேரத்தில்தான் வித்தியாசம் கண்ணில் பட்டது. லிங்கர் தேடும் பெயரில் ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துச்சரம்) முன்னால் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்று ஓர் ஒட்டு. லைப்ரரியில் அது இல்லை. பல ஸ்ட்ரிங்குகள் ஒரே நினைவகத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் பழைய உத்திக்கு சி++11 தரத்தில் இடமில்லை. அதனால் 2015-இல் வந்த ஜிசிசி 5 ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது. பழையதும் புதியதும் சத்தமில்லாமல் கலந்து நிரல் செத்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஒட்டு. என்னைத் திணறடித்த பிழை உண்மையில் எனக்குச் செய்த உதவி என்பது அப்போது உறைக்கவில்லை.

கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் முறைக்கு ஏபிஐ (ABI) என்று பெயர். பழைய ஏபிஐ-க்குத் திருப்பும் மேக்ரோவை (கம்பைலருக்குச் சொல்லும் ஓர் அமைப்பு) 0 ஆக்கினேன். லைப்ரரி ஒட்டிக்கொண்டது, நாங்கள் பயன்படுத்தும் இன்னொரு சி++ லைப்ரரியான பூஸ்ட் கழன்றுகொண்டது. ராக்கியோடு வரும் பூஸ்ட் புதிய ஏபிஐ-யில் கட்டியது. தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை. கடைசியில் அந்த லைப்ரரியைத் தொடும் கோடை மட்டும் தனியாகப் பிரித்துப் பழைய ஏபிஐ-யில் கம்பைல் செய்தேன். வெளியே தெரியும் முகம் வெறும் சி மொழி. ஸ்ட்ரிங் எதுவும் எல்லையைத் தாண்டாது. ஓடுகிறது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஃபோர்ட்ரான் பிழைப்பு:
அண்ணே, உங்களுக்காவது சோர்ஸ் இல்லை. எனக்கு இருந்தும் தலைவலி. ஆய்வுக்காகப் பேராசிரியர் கொடுத்த பழைய ஃபோர்ட்ரான் மொழிக் கோடு, ஒரே சப்ரூட்டீனை (துணை நிரல்) ஓரிடத்தில் முழு எண்ணோடும் இன்னோரிடத்தில் தசம எண்ணோடும் அழைக்கும். ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் 10 முதல் அது எச்சரிக்கை இல்லை, பிழை. பொருத்தமின்மையை அனுமதிக்கும் ஒரு ஃபிளாக் இருக்கிறது, போட்டேன், ஓடியது. ஆனால் அப்படி அழைத்த இடங்களில் ஒன்று உண்மையிலேயே தவறு. இத்தனை நாளும் அந்த விடை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

தேக்கா இரவுப்பறவை:
எனக்கு நேர் எதிர்த் திசை. புத்தம்புது உபுண்டு 22.04 லினக்ஸில் நிரலைக் கட்டி, வாடிக்கையாளரின் பழைய சர்வரில் வைத்தேன். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் புதிதாக எதையும் பயன்படுத்தவில்லையே என்று சண்டை போட்டேன். அப்புறம் ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் நிரலைக் கட்டி அனுப்பினேன், அதுவும் ஓடவில்லை. நிரலின் தொடக்கமான மெயினைத் தொடங்கிவைக்கும் ஜிலிப்சி ஃபங்ஷனுக்கே 2.34-இல் புதிய பதிப்பு எண் கொடுத்திருக்கிறார்கள். பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். புதியதில் கட்டிப் பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. இப்போது பழைய ஓஎஸ் உள்ள கண்டெய்னருக்குள் (தனியாக அடைத்த சூழல்) கட்டித்தான் அனுப்புகிறேன்.

புக்கிட் பாத்தோக் மாமா:
நான் நிரலர் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருந்தேன், பழைய 16 பிட் கணக்கு நிரல் ஒன்றுக்காகவே. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு போனது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடாது. மகன் கத்தினான், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். கணினி இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

ஜூரோங்வாசி:
மாமா, அந்தக் கணக்கையெல்லாம் முதலில் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துவையுங்கள். ஹார்ட் டிஸ்க் எந்த வயது?