எல்ஜின் பிரபுக்கள்: குடும்பக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

அண்ணன்: தர்மசாலா வந்து சேர்ந்தோம். மெக்லியோட் கஞ்ச் போகும் வழியில், தேவதாரு மரங்களுக்கு நடுவே பழைய கல் தேவாலயம் ஒன்று. அங்கே எல்ஜின் பிரபுவின் கல்லறை இருக்கிறது. 1863-இல் இறந்த வைஸ்ராயாம். படம் பாருங்கள்.

அக்கா: லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், கிரேக்கத்தின் பார்த்தினான் கோயிலிலிருந்து எடுத்துவந்த 'எல்ஜின் சிற்பங்கள்' இருக்கின்றனவே, அதே எல்ஜினா அத்தை?

அத்தை: அது அப்பா, ஏழாம் எல்ஜின், தாமஸ் புரூஸ். தர்மசாலாவில் கிடப்பவர் மகன், எட்டாம் எல்ஜின், ஜேம்ஸ். ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் பக்கத்தில் ப்ரூம்ஹால் என்பது அவர்கள் மாளிகை. மன்னர் ராபர்ட் புரூஸின் குலம் என்ற பெருமை வேறு.

அக்கா: அந்தச் சிற்பங்களில் ஒரு குதிரைத் தலை உண்டு. நிலாத் தேவதையின் தேரை இரவெல்லாம் இழுத்த குதிரை. கண் பிதுங்கி, வாய் பிளந்து, தாடை பீடத்தின் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. கல் என்றே நம்ப முடியவில்லை.

பெரியப்பா: அப்போது கிரேக்கத்தை ஆண்ட துருக்கிச் சுல்தானிடம் அனுமதி வாங்கித்தானே எடுத்தார்?

அத்தை: அந்த ஆணையின் மூலம் இன்றுவரை கிடைக்கவில்லை அண்ணா. இத்தாலிய மொழிபெயர்ப்பு ஒன்றுதான் இருக்கிறது. சில கற்களை எடுத்துச் செல்வதைத் தடுக்க வேண்டாம் என்கிறது அது. அதை வைத்துக்கொண்டு கோயில் சுவரில் இருந்ததையே அறுத்து எடுத்தார்கள்.

அண்ணன்: நல்ல காசு பார்த்திருப்பாரே?

அத்தை: இல்லையப்பா. 70,000 பவுண்டுக்கு மேல் செலவு என்று கணக்குக் காட்டினார். 1816-இல் அரசு கொடுத்தது 35,000. நடுவில் ஒரு கப்பல் கிரேக்கத் தீவருகே மூழ்கி, முக்குளிப்பவர்களை வைத்துச் சிற்பங்களை மீட்டார். ஊர் திரும்பும் வழியில் நெப்போலியன் ஆட்கள் பிடித்துவைத்தார்கள். 1808-இல் மணவிலக்கு. கடைசியில் கடனோடு பாரிஸில் இறந்தார்.

அண்ணன்: கடன் மகன் தலையிலா?

அத்தை: ஆமாம். உத்தியோகம் தேடிக் கடல் கடக்கவேண்டிய நிலை. 1842-இல் ஜமைக்கா ஆளுநர், மறு வருடமே முதல் மனைவி அங்கே இறந்துபோனார்.

பெரியப்பா: பிறகு ஆளுநராக இருந்த கனடாவில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. 1849-இல், கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் சொன்னபடி கையெழுத்திட்டார். மான்ட்ரியலில் கும்பல் அவர் வண்டியைக் கல்லாலும் முட்டையாலும் அடித்தது, நாடாளுமன்றத்தையே கொளுத்தியது. அவர் அசையவில்லை. அதற்காகவாவது அந்த மனிதரை மதிக்க வேண்டும்.

அத்தை: மதிக்கிறேன் அண்ணா. அதனால்தான் சீனாவில் அவர் செய்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1857-இல் பிரிட்டிஷ் தூதராகப் படையோடு கான்டன் நகரைத் தாக்கப் போகும்போது, வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று இரண்டாம் மனைவி மேரிக்கு எழுதுகிறார். எழுதிவிட்டுத் தாக்குகிறார்! 1860-இல் பீக்கிங் அருகே பேரரசரின் கோடை அரண்மனையைக் கொளுத்த ஆணையிட்டவரும் அவர்தான்.

பெரியப்பா: பிடித்துவைத்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கைதிகளைச் சீனர்கள் சித்திரவதை செய்து கொன்றார்களே, அதற்குப் பதிலடி.

அத்தை: கொன்றது உண்மை. அதற்குத் தோட்டமும் நூல்களும் என்ன செய்தன? தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம், மனசாட்சி சொல்லியும் செய்தவனை எப்படி மன்னிப்பது?

அக்கா: இந்தியாவில் எத்தனை காலம் இருந்தார்?

அத்தை: 1862-இல் வந்தார். மறு வருடம் மலைப் பயணத்தில் இதயம் நின்றுபோகும் நிலை. மரணப் படுக்கையில் அவர் இருக்க, மனைவி மேரி போய்க் கல்லறைக்கு இடம் பார்த்து வந்து சொன்னார், அவரும் தலையசைத்தார். மகன் விக்டருக்கு அப்போது 14 வயது.

அண்ணன்: அந்த விக்டர்?

அத்தை: மான்ட்ரியல் கலவரம் நடந்த சில வாரங்களில் பிறந்த பிள்ளை. 1894-இல் அவரும் வைஸ்ராயாக வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக், கூடவே பெரும் பஞ்சம். தாத்தா எடுத்தது, அப்பா எரித்தது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். பேரன் காலத்தில் பட்டினியால் செத்தவர்களைத்தான் யாரும் எல்ஜின் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

பெரியப்பா: பஞ்சத்தைப் பற்றி எனக்கும் வேறு கருத்து இல்லை அம்மா. சீனாவைப் பற்றி மட்டும் நேரில் பேசுவோம்.