கவசம் கட்டிய அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்கள்

டியூக்ஸ்பெரி, இங்கிலாந்து

நானே தொடங்கி வைக்கிறேன். "இருபத்தாறு கிலோ இரும்பை மாட்டிக்கிட்டு எப்படிப்பா நிக்கிற?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடை என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைக் குப்புறத் தள்ளியது ஒரு பருத்தி நாடா.

இங்கிலாந்து அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச குடும்பங்கள் அடித்துக்கொண்ட காலத்தில், 1471 மே 4 அன்று நான்காம் எட்வர்டின் யார்க் படை லங்காஸ்டர் படையை நொறுக்கிய ஊர் டியூக்ஸ்பெரி. லங்காஸ்டர் அரசர் ஆறாம் ஹென்றியின் ஒரே மகன் செத்ததும் இங்கேதான். ஒவ்வொரு ஜூலையும் அந்தப் போரைத் திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள். முதல் மூன்று வருடம் நான் தண்ணீர் சுமந்தேன், பிறகு வில் பிடித்தேன். அப்புறம் ஆசை விடவில்லை, முழுக்கவசம் சேர்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் குழுவில் ஒரே சட்டம்: ஓர் ஊர், ஒரு பத்தாண்டு. 1415 அஜின்கோர்ட் போர்க் காலத்துத் தலைக்கவசமும் 1480 ஜெர்மன் மார்புத் தகடும் கலந்து போட்டால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாகவதர் கிராப்பும் கையில் ஸ்மார்ட் வாட்சுமாக வந்து நின்ற மாதிரி இருக்கும். கேடயம் வேண்டுமா என்று கேட்டேன். உடம்பு முழுக்கத் தகடு வந்தபிறகு கேடயத்தை யார் தூக்கினார்கள், இரண்டு கையாலும் ஆயுதம் பிடி என்றார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து இங்கிலாந்துக் கவசம் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. தேவாலயக் கல்லறைச் சிற்பங்களைத்தான் பார்த்துச் செய்ய வேண்டும். வார்விக் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1439இல் இறந்த ரிச்சர்ட் போஷாம்ப் பிரபுவின் உலோகச் சிலை இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் சிலை. ஆனாலும் யாருமே பார்க்க முடியாத முதுகுப் பக்கத்திலும் வார், பக்கிள், கீல் என்று ஒன்று விடாமல் வடித்திருக்கிறார்கள். முதுகுத் தகட்டில் வார் எங்கே ஏறுகிறது என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஆட்கள் அந்த முதுகின் படத்தைத்தான் எடுத்து விரிப்பார்கள். அவர் அணிந்திருப்பது மிலான் பாணி. அன்றைக்குக் கையில் காசிருந்த இங்கிலாந்துக்காரன் இத்தாலியச் சரக்கு வாங்கினான். நானும் மிலான் என்றே முடிவு செய்தேன்.

இங்கேதான் தப்பு. பளபளப்பைப் பார்த்து மயங்கி முதலில் மார்புத் தகட்டை வாங்கிவிட்டேன். காலணி, கால்சட்டை, இரும்புக்கு அடியில் போடும் உள்சட்டை என்றுதான் போக வேண்டும், இரும்பு கடைசியில். தொடைத் தகடு தொடையில் நிற்பதில்லை. அது உள்சட்டையின் இடுப்பில் நாடா போட்டுத் தொங்குகிறது. சட்டை இடுப்பைக் கவ்விப் பிடித்தால் கால் இரும்பின் பாரம் இடுப்பெலும்பில் உட்காரும். என் சட்டையோ இணையத்தில் வாங்கியது, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, இடுப்பில் தொளதொள. நாடா ஷூ லேஸ் மாதிரி ஒரு பருத்திக் கயிறு.

படை நகர ஆரம்பித்து நூறு அடி போயிருப்பேன். வியர்வையில் ஊறிய நாடா முதலில் நீண்டது, பிறகு அறுந்தது. இடது தொடைத் தகடு சரிந்து முழங்காலை மடக்கவிடாமல் பூட்டிக்கொண்டது. தடாலென்று விழுந்தேன். எதிரி இன்னும் ஒரு அம்பு கூட விடவில்லை. எழுந்து நொண்டுவதைவிடச் செத்துக் கிடப்பதே கௌரவம் என்று அப்படியே கிடந்தேன். வேலிக்கு வெளியே நின்ற ஒரு குழந்தை மட்டும் "அந்த மாமா ஏன் இப்பவே செத்துட்டார்?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தது.

அன்று ராத்திரி கூடாரத்தில் ஒரு நண்பர் படித்துக் காட்டினார். நியூயார்க் மார்கன் நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. தரையில் நின்று சண்டை போடப் போகிறவனுக்குக் கவசம் பூட்டும் முறை அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அதில் நாடாவுக்கென்றே தனிக் குறிப்பு: குறுக்குவில்லுக்கு நாண் திரிக்கும் நூலை எடு, செருப்புத் தைப்பவர் பூசும் மெழுகைத் தடவு, அப்போது நீளவும் நீளாது, அறவும் அறாது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தியே எவனோ என்னைப் போல விழுந்திருக்கிறான்! அதே ஏட்டில் உள்சட்டைக்குள் வேறு சட்டையே போடாதே, காற்றுப் போக ஓட்டை வெட்டிய உள்சட்டை மட்டும் போடு, முழங்காலில் இரும்பு உரசாமல் மெல்லிய கம்பளித் துணி சுற்று என்றெல்லாம் இருக்கிறது. மறுவருடம் லினன் நூலைத் திரித்து மெழுகேற்றி நானே நாடா செய்தேன். உள்சட்டையை ஆள் வைத்து அளவெடுத்துத் தைத்தேன். மொத்தத்தில் மார்புத் தகட்டுக்குக் கொடுத்ததைவிடத் துணிக்குத்தான் அதிகம் அலைந்தேன்.

இதைத் தனியாகப் பூட்டிக்கொள்ள முடியாது. என் மனைவிதான் கட்டிவிடுகிறாள். தெருக்கூத்தில் வேடம் கட்டுவது மாதிரி, பாதத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். கணுக்கால் தகடு மாட்டிய பிறகு தொடை. அவள் என் இடுப்புக்கு நேரே மண்டியிட்டு இரண்டு ஓட்டையிலும் நாடாவைக் கோத்து, மூச்சை இழுக்கச் சொல்லி இழுத்து, ஒற்றைச் சுருக்காகப் போடுவாள். அவிழ்க்க ஓர் இழுப்புப் போதும். அந்தச் சுருக்கு விழும்போது சட்டென்று கால் லேசாகிவிடும், நீங்களே போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பிறகு மார்பு, முதுகு, கை. முதல் தடவை ஒரு மணி நேரம், இப்போது இருபது நிமிடம். கடைசியில் தலைக்கவசம். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் பெயரே "சாலட்". முதல் தடவை "என் சாலட்டை எடு" என்றபோது அவள் நிஜமாகவே சாப்பாட்டுக் கூடையைத் திறந்தாள்.

முகத்தட்டை இறக்கினால் உலகம் ஒரு விரல் அகலக் கோடு. கால் தெரியாது. காலையில் குடித்த காப்பியின் வாசம் திரும்பத் திரும்ப மூக்கில். சூடும் மூச்சும்தான் ஆளைச் சாய்க்கும். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் கவசம் போட்டவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். சாதாரணமாக நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போனது, அதே எடையை முதுகில் சுமப்பதைவிடவும் அதிகம். ஒவ்வொரு எட்டிலும் காலில் கட்டிய இரும்பை வீச வேண்டியிருக்கிறதே, மார்பை அழுத்தும் தகட்டில் மூச்சும் முழுதாக ஏறாது. கிரேன் வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். நான் தரையிலிருந்து கையூன்றாமல் எழுகிறேன், எனக்கு வயது நாற்பத்து நான்கு.

லான்ட்ஸ்ஹூட், ஜெர்மனி

நான் போட்டதில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. இங்கே 1475இல் பவேரியப் பிரபு கேயோர்க்குக்கும் போலந்து இளவரசி ஹெட்விக்குக்கும் நடந்த கல்யாணத்தை நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி நடத்துகிறது. 2023இல் போயிருந்தேன். என்னோடு வேலை செய்பவர் அதற்காக மாதக்கணக்கில் முடிவெட்டாமல் அலுவலகம் வந்தார், மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை!

அணிவகுப்பு முடிந்ததும் அவருக்குத் தெரிந்த ஒரு வீரர் தன் கையுறையைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கனமாக இருக்கும் என்று தோளை இறுக்கிக்கொண்டு வாங்கினேன். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. விரல் மடங்கும்போது தகடுகள் மீன் செதில் போல ஒன்றன்கீழ் ஒன்று வழுக்குகின்றன. உள்ளே மெல்லிய தோல் கையுறை, அது இன்னும் அவருடைய வியர்வையில் ஈரமாக இருந்தது. அந்தக் கையால் என் செல்போனைக் கூட எடுக்க முடிந்தது, திரைதான் வேலை செய்யவில்லை.

ஸ்டாக்ஹோம்

டியூக்ஸ்பெரி அண்ணா, நீங்கள் விழுந்ததைப் படித்துச் சிரித்தேன், மன்னிக்கவும். நான் செய்தது பிரபு கவசம் இல்லை, விஸ்பி கவசம். 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசன் வால்டெமாரின் படை கோட்லாந்துத் தீவின் குடியானவர்களை விஸ்பி நகர மதிலுக்கு வெளியே கொன்று குவித்தது. கோடை வெயிலில் உடல்களைக் கவசத்தோடேயே குழியில் போட்டுவிட்டார்கள். அதனால்தான் சாதாரண ஆள் போட்டது எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. துணி அல்லது தோலுக்கு உட்பக்கம் இரும்புத் தகடுகளை வைத்து ரிவிட் அடித்தது. வெளியே ரிவிட் தலை மட்டும் வரிசையாகத் தெரியும்.

அடுக்குமாடி வீட்டு பால்கனியில் தினம் முப்பது ரிவிட் என்று அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மூன்றாம் நாளே கதவைத் தட்டினார். பிறகு சலவை அறைக்கு இடம் மாறினேன். முடித்துவிட்டு அந்தக் குழியில் கிடைத்தவற்றைப் பார்க்க அருங்காட்சியகம் போனேன். சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்த தலையணி சுற்றியபடியே ஒரு மண்டையோடு இருக்கிறது. அதன் பிறகு என் கவசத்தைப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்க மனசு வரவில்லை. ஒன்றிரண்டு மாதம் பரணில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே துரு. துருவுக்கு என்ன போடுகிறீர்கள்?

டியூக்ஸ்பெரி, இங்கிலாந்து

தங்கச்சி, நம்ம ஊர் எண்ணெய் எதையும் போட்டுவிடாதே. நான் முதலில் நல்லெண்ணெய் தடவினேன், ஒரே மாதத்தில் பிசின் மாதிரி ஒட்டி தூசி எல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு தேங்காய் எண்ணெய். இந்தக் குளிரில் அது முழங்கால் மடிப்பில் வெள்ளையாக உறைந்து, மடக்கும்போதெல்லாம் உதிர்ந்தது. இப்போது நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் மெழுகு மட்டும் பூசுகிறேன். உன்னுடையதில் தகடு உள்ளே இருப்பதால் துணியில் கறை ஏறும், மெல்லிசாகப் பூசு. இடுக்குக்குப் பழைய பல்தேய்க்கும் பிரஷ் போதும்.