எட்டு வயது மகளுக்கு ரோமர் காலத்தைக் காட்ட எங்கே போகலாம்? பாத் நகரமா, வின்டோலாண்டாவா?

ஹாரோ_அம்மா:
மகளுக்குப் பள்ளியில் இந்தத் தவணை ரோமர்கள் பாடம். வீட்டில் எந்நேரமும் கேடயம், வாள், படைவீரர்கள்தான். மே மாதக் கடைசி வார விடுமுறையில் ஒரே ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். லண்டன் கில்ட்ஹாலுக்கு அடியில் உள்ள ரோமானிய அரங்கத்தைப் பார்த்துவிட்டாள். அங்கே சுவரின் அடிப்பாகம்தான் மிச்சம் என்பதால் அவளுக்குப் போதவில்லை. கணவர் ரோமர்களின் வெந்நீர்க் குளியலிடம் இருக்கும் பாத் நகரம் என்கிறார். எனக்கு வட இங்கிலாந்தில் ரோமர்கள் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர்ப் பக்கம், வின்டோலாண்டா கோட்டைக்குப் போக ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சவர்ன்கரை:
பாத்துக்கே போங்கள் அக்கா. பாடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம், இரவு தங்க வேண்டியதில்லை. 46 டிகிரி சூட்டில் வெந்நீர் நிலத்திலிருந்து தானாக வருகிறது, ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். பெரிய குளத்தின் அடியில் ரோமர்கள் விரித்த ஈயத் தகடு இன்னும் இருக்கிறது. அவர்கள் கட்டிய வடிகால் இப்போதும் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கென்றே தனி ஒலிவழிகாட்டி தருகிறார்கள். சாபத் தகடுகளை மட்டும் தவறவிடாதீர்கள். தன் இரண்டு கையுறைகளையும் பறிகொடுத்த தோசிமெதிஸ் என்பவன், திருடியவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று ஈயத்தில் எழுதித் தெய்வத்திடம் முறையிட்டிருக்கிறான். எட்டு வயசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வடகாற்று:
சாபத் தகடுகள் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் குளத்தைச் சுற்றி நிற்கும் தூண்களும் மேல்தளத்துச் சிலைகளும் விக்டோரியா காலத்தவை. பெரியவர்களே அதை ரோமர் கட்டியது என்று நம்பிப் படம் எடுத்துப் போகிறார்கள், குழந்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்? பெரியவர்களுக்குக் கட்டணம் இருபது பவுண்டுக்கு மேல், விடுமுறையில் கூட்டம் வேறு. அந்தத் தண்ணீரைத் தொடவும் கூடாது.

வின்டோலாண்டா மண்ணில் காற்று புகாததால் மற்ற இடங்களில் மக்கிப் போனதெல்லாம் அங்கே பிழைத்திருக்கிறது. தோல் செருப்புகள் மட்டும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, அவற்றில் குழந்தைகளின் செருப்புகளும் உண்டு. மரத்தில் செய்த விளையாட்டு வாள் கிடைத்திருக்கிறது. மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் 1973 முதல் வெளிவந்தன. ஒன்றில் படைவீரன் ஒருவனுக்குக் காலுறை, செருப்பு, உள்ளாடை அனுப்பிய கணக்கு. இன்னொன்றில் கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தலைவரின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கிட்டத்தட்ட 1,900 ஆண்டுக்கு முந்தைய பிறந்தநாள் அழைப்பு! உங்கள் மகள் வயதுப் பிள்ளை இதை உடனே பிடித்துக்கொள்வாள்.

சவர்ன்கரை:
அந்தப் பிறந்தநாள் கடிதம் இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில். ஹாரோவிலிருந்து மெட்ரோபாலிட்டன் லைனில் போய் இலவசமாகப் பார்க்கலாம், அதற்கு வடகோடிக்கு ஏன் போக வேண்டும்? வின்டோலாண்டாவில் பெரும்பாலும் முழங்கால் உயரச் சுவர்கள்தான். கில்ட்ஹாலில் போதவில்லை என்ற பிள்ளைக்கு மறுபடியும் அதையேவா காட்டுவது? நியூகாசில் வரை ரயிலில் மூன்று மணி நேரம், அப்புறம் இன்னொரு ரயில், பஸ். மழை பிடித்துவிட்டால் வெட்டவெளி.

வடகாற்று:
கில்ட்ஹாலில் அவள் பார்த்தது ஒரு துண்டுதான். வின்டோலாண்டாவில் தெருவில் நடந்து வீட்டு வாசலில் ஏறிக் கோட்டைத் தலைவரின் மாளிகைக்குள் போகலாம். அதற்கு முந்தைய மரக் கோட்டையில் லெபிடினாவின் கணவர், தலைவர் செரியாலிஸ், குடும்பத்தோடுதான் இருந்தார். அந்தக் காலத்துச் சீவல் ஒன்றில் ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஒரு வரியை யாரோ எழுதிப் பழகியிருக்கிறார்கள், வீட்டுப் பிள்ளையின் கையெழுத்துப் பயிற்சி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில சீவல்களை பிரிட்டிஷ் மியூசியம் கடனாக அங்கேயே கொடுத்து வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கோடைப் பருவத்தில் அகழாய்வு நடக்கும். தன்னார்வலர்கள் குழிக்குள் நின்று மண்ணைச் சுரண்டுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள். பாத்தில் எல்லாம் முடிந்துபோன கதை. இங்கே இன்று என்ன வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் மனதில் வரலாறு ஒட்டுவது அப்படித்தான்.

வரலாற்று_டீச்சர்:
இருவருமே ஓடியாட இடம் கொடுக்காமல் பேசுகிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளை எத்தனை கண்ணாடிப் பெட்டி பார்க்கும்? வேல்ஸில் கேர்லியன் இருக்கிறது, நியூபோர்ட் ஸ்டேஷனிலிருந்து பஸ். புல் மூடிய வட்ட அரங்கம், படைவீரர் குடியிருப்பின் அடித்தளங்கள், பக்கத்தில் லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) அருங்காட்சியகம், நுழைவு இலவசம். அரங்கின் வாசல் வழியாகப் பிள்ளை கத்திக்கொண்டே உள்ளே ஓடலாம். அந்த அரங்கத்தை 1926, 27 ஆண்டுகளில் அகழ்ந்தவர்கள் மார்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும். அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரி அரிக்கமேட்டில் தோண்டி ரோமானியப் பானை ஓடுகளை எடுத்தார். நம் பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் விடலாமா?

வடகாற்று:
கேர்லியன் நல்ல யோசனை டீச்சர். ஆனால் நம் ஊர்த் தொடர்பு வின்டோலாண்டாவிலும் உண்டு. ஒரு சீவலில் காம்பாக்ஸ் என்பவன் இரண்டு தெனாரி (ரோம வெள்ளிக்காசு) கொடுத்து மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது. அந்த மிளகு சேரநாட்டுக் கரையிலிருந்து போனதுதான். யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) திரும்பியதாக அகநானூறு பாடும் முசிறி அந்தக் கரையில்தான் இருந்தது. பேரரசின் வடக்கு எல்லையில், குளிரில் உட்கார்ந்து ஒருவன் நம் மிளகைச் சாப்பிட்டிருக்கிறான்.

ஹாரோ_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மிளகுக் கணக்கை மகளிடம் சொன்னேன், அது ரசத்துக்கா என்று கேட்டாள். அகழாய்வு நடப்பதைச் சொன்னதும் அவள் மற்ற இடங்களைப் பற்றிப் பேசவே விடவில்லை. அதனால் பக்கத்து ஊரான ஹெக்ஸமில் தங்கி வின்டோலாண்டா போகிறோம். கேர்லியனை இலையுதிர்கால விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறோம். எங்களிடம் கார் கிடையாது, பஸ் சரியாக வருமா?

சவர்ன்கரை:
போய் வாருங்கள் அக்கா, ஆனால் என் கருத்து மாறவில்லை. சின்னப் பிள்ளைக்கு முதலில் முழுசாக நிற்கும் ஒன்றைக் காட்ட வேண்டும், அடித்தளங்களை அப்புறம் பார்க்கலாம். வின்டோலாண்டாவில் கல்லிலும் புல்மண்ணிலும் எழுப்பிய மாதிரிச் சுவர்கள் இருக்கின்றன, அங்கேயாவது முதலில் கூட்டிப் போங்கள்.

வடகாற்று:
ஹேட்ரியன் சுவர் கட்டத் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்த ஏடி122 பஸ் ஹெக்ஸமிலிருந்து வரும். பருவகாலத்தில் மட்டும்தான் ஓடும், வண்டிகளும் குறைவு, கடைசி வண்டி நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதே பஸ்ஸில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கும் போகலாம், படைவீரர்கள் வரிசையாக உட்கார்ந்த கழிப்பறை அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். ஆய்வாளர்கள் வார இறுதியில் இல்லாமல் போகலாம், அதனால் வார நாளாகப் பார்த்துப் போங்கள். மே மாதம்தானே என்று மழைக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.