‘ட்வீட்’ என்பது வெற்றொலியா?

எழுத்தாணி: சமூக ஊடகக் குறும்பதிவைக் குறிக்கும் ‘ட்வீட்’ என்ற சொல்லில் ஆராய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பதே என் கருத்து. ‘ட்விட்டர்’ என்ற பெயருக்கு அகராதி தரும் பொருள்கள் இரண்டு என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியே 2009ஆம் ஆண்டு நேர்காணலில் விளக்கினார்: முக்கியமற்ற தகவலின் சிறு வெடிப்பு ஒன்று, பறவைகளின் கீச்சொலி மற்றொன்று. ‘ட்வீட்’ அந்தப் பெயரின் குறுக்கம்; பொருளும் அதேதான், வெறும் அரட்டை.

வலியன்: குறுக்கம் என்பதை ஏற்க இயலாது. ‘ட்விட்டர்’, ‘ட்வீட்’ இரண்டுமே பறவையொலியைப் போலச் செய்து தனித்தனியே பிறந்த ஒலிக்குறிப்புச் சொற்கள். முன்னதன் ஈற்றில் உள்ள ‘அர்’ ஒலி, ஒரு செயல் விட்டுவிட்டுத் தொடர்வதை ஆங்கிலத்தில் உணர்த்துவது. ‘ஃப்ளிக்கர்’, ‘கிளிட்டர்’ போன்ற சொற்களிலும் அதைக் காணலாம். ஆகவே ‘ட்விட்டர்’ அடுத்தடுத்து எழும் கீச்சு, ‘ட்வீட்’ ஒற்றைக் கீச்சு. ஜெர்மன் மொழியின் ‘ட்ஸ்விட்ஷெர்ன்’ முன்னதற்கு உறவுச் சொல்.

வெற்றொலி என்பதும் பொருந்தவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், ரோமானிய மெய்யியலாளர் போயீத்தியசின் லத்தீன் நூலை மொழிபெயர்த்தபோது ‘ட்விட்டர்’ என்ற வினைச்சொல்லை ஆண்டிருக்கிறார். கூண்டில் அடைபட்ட பறவை ஒன்று, ஊட்டிவிடும் இனிய உணவையும் உதறிவிட்டு, காட்டை நினைத்து ஏங்கிக் கீச்சிடும் இடம் அது. அங்கே அரட்டை எங்கே இருக்கிறது?

எழுத்தாணி: சாசரின் பறவை உருக்கமானதுதான். ஆனால் 2006இல் ஒரு நிறுவனம் தனக்குப் பெயர் தேடியபோது அந்தப் பறவையை நினைத்ததாகச் சான்று இல்லை. பெயரிட்டவர் கருதிய பொருளே முதன்மையானது.

மணிமிடை: பெயரிட்டவர் யார் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. தொடக்கத்தில் அந்நிறுவனம் பதிவுகளை ‘அப்டேட்’ என்றே குறித்தது. ‘ட்வீட்’ என்ற சொல்லையும் பறவைச் சின்னத்தையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, ஐகன்ஃபேக்டரி என்னும் வேறொரு நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ட்விட்டரிஃபிக்’ செயலி. பயனர்கள் பற்றிக்கொண்ட பிறகே, 2009இல் ட்விட்டர் நிறுவனம் அச்சொல்லை வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தது. புதுச்சொல் பத்தாண்டுகளாவது புழங்கியிருக்க வேண்டும் என்ற தன் வழக்கத்தையும் தளர்த்தி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2013இல் இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. 2023இல் நிறுவனம் ‘எக்ஸ்’ எனப் பெயர் மாறி, பதிவை ‘போஸ்ட்’ என்று அழைக்கச் சொன்ன பின்னும் பலர் ‘ட்வீட்’ என்றே சொல்கிறார்கள். பெயரிட்டவர் கருத்தே முதன்மை என்றால் இந்தப் பிடிவாதத்தை எப்படி விளக்குவது?

எழுத்தாணி: சொல்லைப் பரப்பியவர் பயனர் என்பதை மறுக்கவில்லை. பரப்பியவர்களும் அதை அரட்டைக்குத்தானே பயன்படுத்தினார்கள்?

வலியன்: பறவையியலையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பாட்டு வேறு, அழைப்பொலி வேறு. பாட்டு நீண்டது, பெரும்பாலும் துணை தேடவும் எல்லையைக் காக்கவும் பயன்படுவது. அழைப்பொலி நொடிப்பொழுதில் முடிவது. ‘ட்வீட்’ அந்த வகையைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் கருந்தொப்பி சிக்கடீ என்னும் சிறு பறவை, வேட்டைப் பறவையைக் கண்டால் தன் பெயருக்குக் காரணமான ‘டீ’ என்னும் ஒலியை அடுக்குகிறது. தனக்குப் பெரிய ஆபத்தாகாத பேராந்தைக்குச் சில ‘டீ’க்களே போதும், விரைந்து பாயும் சிற்றாந்தைக்கு அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. சுருக்கமான ஒலி என்பதாலேயே அது முக்கியமற்றதாகிவிடாது. நம் ஆண்டாளும் ‘கீசு கீசு’ என்ற ஒலியை ஆனைச்சாத்தன் பறவைகள் ‘கலந்து பேசின பேச்சரவம்’ என்றல்லவா கேட்கிறாள்? தமிழில் ‘ட்வீட்’டுக்குக் ‘கீச்சு’ என்ற பெயர் எளிதாக ஒட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

எழுத்தாணி: சிக்கடீயின் ஒலிக்குப் பின்னால் உண்மையாகவே ஓர் ஆந்தை இருக்கிறது. இணையத்தில் அடுக்கப்படும் ‘டீ’க்களில் எத்தனைக்குப் பின்னால் ஆந்தை இருக்கிறது என்று காட்டுங்கள், அதுவரை டோர்சி சொன்ன முதல் பொருளையே நான் பிடித்துக்கொள்கிறேன்.