தபால் பெட்டியில் அப்பாவின் பெயர்

2018 அக்டோபரில் படிப்புக்காக ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்குத் தனியாக வந்து இறங்கினேன். சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, கடைகள் எல்லாம் அடைத்திருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் எள்ளுருண்டையும்தான் அன்றைய சாப்பாடு.

வெளிநாட்டுக்கு வந்த முதல் நாட்களைப் பகிரும் இந்தப் பக்கத்தில் குளிர், மொழி, சமையல் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். நான் ஒரு பெயர்ச் சீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாளோடு போய் அதை முடித்துவிட்டேன். வங்கிக் கணக்கும் தொடங்கியாயிற்று. மாணவர் விசாவுக்காக முன்பே கட்டி, மாதாமாதம் மட்டும் எடுக்கும்படி முடக்கி வைத்த பணத்திலிருந்து மாதம் 720 யூரோ அந்தக் கணக்கில்தான் விழும். ஆனால் அட்டை ஒரு கடிதத்திலும் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் தபாலில் வர வேண்டும். மூன்று வாரமாகியும் எதுவும் வரவில்லை. கையிலிருந்த காசு கரைந்துகொண்டே போனது. வங்கியில் போய்க் கேட்டால், அனுப்பிவிட்டோம், திரும்பி வந்துவிட்டது என்றார்கள்.

அன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கீழ் வீட்டுப் பாட்டி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தைகளில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து வாசலில் இருந்த தபால் பெட்டிகளிடம் கூட்டிப் போனார். எட்டுப் பெட்டிகள். என் பெட்டியில் எனக்கு முன்னால் குடியிருந்தவரின் பெயர். கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைப் போட மாட்டார்.

பாட்டி என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயரை நிரப்பியிருந்தோம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடித்த பேனாவால் எழுத்து எழுத்தாகப் பார்த்து அப்பாவின் பெயரை எழுதினார். பெட்டியில் ஒன்று, அழைப்பு மணியில் ஒன்று.

அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மதுரையைத் தாண்டிப் போனதில்லை. போட்டோ எடுத்து அனுப்பியதும் போன் வந்தது. "என்னம்மா, எம் பேரை எதுக்கு அங்க எழுதி வச்சிருக்க?" விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எழுத்தெல்லாம் சரியா இருக்குல்ல?" என்றார்.

அடுத்த வாரமே இரண்டு கடிதங்களும் வந்துவிட்டன.

டிசம்பர் 21 அன்று பாட்டி டிவி பார்க்கக் கூப்பிட்டார். டோர்ட்முண்ட் இருக்கும் ரூர் வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ப்ரோஸ்பர்-ஹானியல் அன்றைக்கு மூடப்பட்டது. முகமெல்லாம் கரியோடு மேலே வந்தவர்கள் கடைசிக் கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். பாட்டி அழுதார். அவர் கணவர் முப்பது வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். கணவரின் தாத்தா போலந்துப் பக்கமிருந்து கரி வெட்ட வந்தவராம். "எங்கள் பெயரையும் அப்போது இந்தத் தெருவில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

*

மறுமொழி:

தங்கச்சி, உங்கட அனுபவத்தை வாசித்தேன். நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அகதி முகாமில் எங்கள் எல்லாருக்கும் ஒரே தபால் பெட்டி. அலுவலர் கடிதங்களை எடுத்துப் பெயர் வாசிப்பார், பாதிப் பெயர் யாருக்கும் விளங்காது. அப்பாவின் முதல் கடிதம் வந்த அன்று என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற பெடியன்தான் தோளில் தட்டிச் சொன்னான்.

இன்னும் டோர்ட்முண்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வாங்கோ. 2002இல் கோபுரத்தோடு கட்டி எழுப்பினது, ரயிலில் கிட்டத்தான். தீர்த்தம் அங்கேயுள்ள கால்வாயில் நடக்கும். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.