ஆயுதக் காவலரா, கதவுப் பூட்டா? பள்ளி மாவட்டக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

மலர்விழி_டெக்சாஸ்

வணக்கம். 2023 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் ஏந்திய அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பணமோ ஆளோ போதவில்லை என்றால், பள்ளி மாவட்டம் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) காரணம் காட்டி மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற ஆசிரியரோ ஊழியரோ துப்பாக்கி வைத்திருப்பது அதில் ஒன்று. எங்கள் மாவட்டத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த மாற்று ஏற்பாட்டைக் கொண்டுவரலாமா என்று விவாதிக்கக் கூட்டம் போடுகிறார்கள். பெற்றோருக்குப் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். காவலர் வேண்டும், வேண்டாம் என்று கத்திவிட்டு வர விருப்பமில்லை. காவலர் இருந்தால் பிள்ளைகள் உண்மையிலேயே பிழைக்கிறார்களா? எதைக் கேட்டால் பயன் உண்டு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி_ஹூஸ்டன்

காவலர் இருப்பதைப் பார்த்து ஒருவன் வராமல் இருப்பானா என்பது ஒரு கேள்வி. வந்தவனைக் காவலரால் நிறுத்த முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சு முடிவதே இல்லை.

முதல் கேள்விக்கு நம்பிக்கை தரும் பதில் இல்லை. 1980 முதல் 2019 வரை நடந்த, நடக்க இருந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த கட்டுரை 2021இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்தது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு குறையவில்லை. மற்ற காரணிகளைக் கழித்துப் பார்த்தபோது சாவு விகிதம் 2.83 மடங்கு கூடுதலாக இருந்தது. இதை வைத்து "காவலரால்தான் சாவு கூடியது" என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள், அது அப்படி நிரூபிக்கவில்லை. ஆனால் இப்படி வருபவர்களில் பலர் சாகத் துணிந்தே வருகிறார்கள். அவர்களுக்குக் காவலரின் துப்பாக்கி பயம் காட்டுவதில்லை.

இரண்டாவதற்குக் கலவையான பதில். 1999இல் கொலராடோவின் கொலம்பைனில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பள்ளியின் ஆயுத அதிகாரி தொடக்கத்திலேயே சுட்டார். தூரம் அதிகம், குண்டு படவில்லை. 2018இல் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் பள்ளிக் காவலர் கட்டடத்துக்குள் போகவே இல்லை. உள்ளே 17 பேர் கொல்லப்பட எடுத்துக்கொண்டது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதே ஆண்டு டெக்சாஸ் சான்டா ஃபேயில் ஆயுத அதிகாரிகள் இருந்தும் 10 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அப்பலாச்சி பள்ளியில் ஆயுத அதிகாரிகள் எதிரே வந்து நின்றதும் சுட்டவன் சரணடைந்தான். நான்கு பேர் போய்விட்டார்கள், ஆனால் அதற்கு மேல் போகவில்லை. அங்கே ஆசிரியர்களின் அடையாள அட்டையிலேயே அபாய பொத்தான் இருந்தது.

ஆகவே காவலர் எத்தனை விநாடியில் அங்கே போய்ச் சேர்வார் என்பதைக் கேளுங்கள். ஒரு கட்டடத்துக்கு ஒரே ஆள் என்றால் அவர் சாப்பிடப் போகும்போது, விடுப்பில், பயிற்சியில் இருக்கும்போது யார்? கைத்துப்பாக்கி மட்டுமா, ரைபிளும் உண்டா? ரைபிள் இருந்தால் பூட்டிய பெட்டியிலா, காரிலா? மெல்லிய குண்டு துளைக்காத சட்டை (3ஏ ரகம்) கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும், ஏஆர்-15 ரைபிள் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். தடித்த தகடு வைத்த சட்டை வேண்டும். தனியாக உள்ளே நுழையும் பயிற்சியை எடுத்தாரா, கடைசியாக எப்போது?

பணக் கணக்கையும் கேளுங்கள். சட்டம் வந்தபோது அரசு கொடுத்தது வளாகத்துக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 20,000 டாலர். முழுநேர அதிகாரி ஒருவரின் சம்பளத்துக்கு அது எங்கே போதும்? மாற்று ஏற்பாட்டுப் பேச்சே அங்கிருந்துதான் வருகிறது.

செந்தில்_மேற்குடெக்சாஸ்

ரவி சார் சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். ஷெரிஃப் (உள்ளூர்க் காவல்துறை) வண்டி வந்து சேர 25, 30 நிமிடம் ஆகும் ஊர்கள் இங்கே நிறைய. அங்கே உள்ளே ஆயுதத்தோடு யாருமே இல்லை என்றால் அவ்வளவு நேரமும் சுடுபவன் கையில்தான். அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும் என்பதை நான் ஆதரிக்கிறேன். நகரத்தை ஒட்டிய பள்ளிக்கு அதே நியாயம் பொருந்தாது.

எந்தப் பயிற்சி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெக்சாஸில் 'பள்ளி மார்ஷல்' (ஆயுதம் வைத்திருக்க அனுமதி பெற்ற பள்ளி ஊழியர்) ஆக 80 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஃப்ளோரிடாவின் 'கார்டியன்' திட்டத்தில் 144 மணி நேரம், அதில் 80 மணி துப்பாக்கிப் பயிற்சி. இங்கே மாவட்டம் எழுத்தில் அனுமதி கொடுத்தே ஒருவரை ஆயுதம் வைத்திருக்கச் செய்யும் வழியும் உண்டு. உங்கள் மாவட்டம் பேசுவது எந்த வழியை என்று வாயால் சொல்ல வையுங்கள்.

துப்பாக்கி எங்கே இருக்கும் என்பதும் முக்கியம். கைப்பையிலோ மேசை இழுப்பறையிலோ இருக்கக் கூடாது. கழிப்பறையில் கழற்றி வைத்து மறப்பது நடக்கிற தவறு, அதைப் பிள்ளை எடுக்க ஒரு நிமிடம் போதும். உடம்போடு, பிறர் உருவ முடியாத பூட்டுள்ள உறையில் இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, ஓடிவரும் போலீஸுக்குச் சாதாரண உடையில் துப்பாக்கியோடு நிற்பவர் யாரென்று தெரியாது. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில், சுட்டவனை வீழ்த்திய பொதுமகனைப் போலீஸே சுட்டுக் கொன்றது. பள்ளியில் அது நடக்காமலிருக்க என்ன அடையாளம், போலீஸோடு சேர்ந்து ஒத்திகை நடந்ததா?

பூட்டுசாவி_கணேசன்

காவலரைப் பற்றி எல்லாரும் பேசுறாங்க, கதவைப் பற்றி யாரும் பேசறதில்லை. 2012இல் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணையத்துக்குக் கிடைத்த சாட்சியம் தெளிவு: உள்ளேயிருந்து பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு சுடுபவன் நுழைந்த நிகழ்வு அதுவரை இல்லை. அங்கே முன்வாசல் பூட்டித்தான் இருந்தது, பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து வந்தான். வகுப்பறைக் கதவைப் பூட்டணும்னா ஆசிரியர் சாவியோடு நடைபாதைக்கு வரணும். 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் போயிட்டாங்க.

பத்து வருடம் கழித்து டெக்சாஸ் உவால்டேயில் ஒரு தொடக்கப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தப்பவும் அதே வகைப் பூட்டு. 111ஆம் அறைக் கதவு சரியாகத் தாழ் விழாது, அழுத்தி இழுக்கணும். அது பள்ளியில் தெரிந்த விஷயம், ஆனா சரிசெய்யச் சொல்லி வேலை உத்தரவு இல்லைன்னு சட்டமன்றக் குழு அறிக்கை சொல்லுது. மேற்கு வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டு விழலை. பிறகு 376 அதிகாரிகள் வந்தும் சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் போச்சு. அந்த 111ஆம் அறைக் கதவு பூட்டியிருக்கான்னு கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் யாரும் இல்லை.

அதனால் உள்பக்கத்திலிருந்தே, சாவியாலோ பொத்தானாலோ பூட்டக்கூடிய பூட்டு எல்லா வகுப்பறையிலும் இருக்கான்னு கேளுங்க. உள்ளேயிருந்து வெளியே வர ஒரே அசைவில், சாவி இல்லாமத் திறக்கணும், தீ விதி அப்படி. கதவில் குறுக்குக் கட்டை மாட்டும் கருவிகள் மலிவா விற்கும். அதைத் தப்பான ஆளே உள்ளே மாட்டிக்கிட்டா வெளியே இருப்பவங்க என்ன செய்வாங்க? வாங்க விடாதீங்க.

கதவுச் சோதனை எளிது. கதவை ஒரு சாண் திறந்து கையை விட்டுடுங்க. டோர் குளோசர் (கதவைச் சாத்தும் கருவி) தானா இழுத்து, பூட்டின் நாக்கு நிலையில் இருக்கிற தகட்டுக்குள் 'டக்'னு விழணும். பிறகு வெளியே நின்று இழுத்துப் பாருங்க. வெளிக்கதவில் அடிக்கடி வரும் கோளாறு ஏசி காற்றழுத்தம். உள்ளே அழுத்தம் கூடினா கதவு கடைசி அரை அங்குலத்தில் நின்னுடும், பார்க்க மூடின மாதிரியே இருக்கும். இப்போ டெக்சாஸ் விதிப்படி வெளிக்கதவுகளை வாராவாரம் சுற்றிப் பார்க்கணும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்க.

மலர்விழி_டெக்சாஸ்

மிக்க நன்றி. கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியாச்சு என்கிறார்கள். அது குண்டைத் தடுக்குமா? ஆசிரியர்கள் கதவில் காந்தப் பட்டை வைக்கிறார்களே, அது சரியா?

தேன்மொழி_ஆலோசகர்

அதற்குக் கணேசன் அண்ணா பதில் சொல்வார். இடையில் ஒன்று, அக்கா. இதுவரை பேசியதெல்லாம் சுடுபவன் வந்த பிறகு செய்வது. அமெரிக்க ரகசியச் சேவை 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை ஆராய்ந்தது. சுட்டவர்களில் பெரும்பாலானோர் துப்பாக்கி எடுத்தது சொந்த வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான்.

2021இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவன் கணக்குத் தாளில் துப்பாக்கியும் இரத்தமும் உதவி கேட்கும் வரிகளும் வரைந்திருந்தான். பெற்றோரைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போக அவர்கள் மறுத்தார்கள். முதுகுப் பையை யாரும் திறக்கவில்லை, வகுப்புக்கே அனுப்பினார்கள். துப்பாக்கி அந்தப் பையில்தான் இருந்தது. அன்று அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் தாய், தந்தை இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

டெக்சாஸில் 2019 சட்டப்படி ஒவ்வொரு வளாகத்துக்கும் மிரட்டல் மதிப்பீட்டுக் குழு உண்டு. உங்கள் பள்ளிக் குழுவில் மனநலம் படித்தவர் இருக்கிறாரா, இப்படி ஒரு தாள் கிடைத்தால் அன்றே பையைச் சோதிக்க யாருக்கு அதிகாரம், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா" என்று பெற்றோரிடம் நேரடியாகக் கேட்பது படிவத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். குண்டு ஏற்றிய துப்பாக்கியை 17 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுக்கும்படி விடுவது டெக்சாஸில் குற்றம். அதைப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லா வீட்டுக்கும் கடிதமாக அனுப்பலாம், செலவே இல்லை.

பூட்டுசாவி_கணேசன்

ஃபிலிம் குண்டைத் தடுக்காது. உடைந்த கண்ணாடி சிதறாமப் பிடிச்சு, கை விட்டுத் தாழ் திறக்க நேரமாகும்படி செய்யும், அவ்வளவுதான். அதுக்கும் 8 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு) தடிமன் வேணும், ஓரங்களைச் சட்டத்தோடு சிலிக்கானால் பிடிச்சிருக்கணும். வெறும் கண்ணாடியில் மட்டும் ஒட்டினா ரெண்டு உதையில் மொத்தமாப் பெயர்ந்து விழும். ஓரத்தை விரல் நகத்தால் தொட்டுப் பாருங்க, கறுப்பு சிலிக்கான் கோடு தெரியணும்.

பார்க்லேண்டில் சுட்டவன் எந்த வகுப்பறைக்குள்ளும் போகலை, கதவுக் கண்ணாடி வழியாத்தான் சுட்டான். அந்தக் கண்ணாடியிலிருந்து பார்வை படாத மூலையைத் தரையில் டேப் ஒட்டிக் குறிக்கணும். அங்கே அலமாரி, மேசை அடைச்சு வைக்கக்கூடாது. பார்க்லேண்டில் மூலை நிரம்பிப் போய் இடமில்லாமப் பிள்ளைகள் நின்னாங்க.

காந்தப் பட்டை விஷயம்: கதவை எப்பவும் பூட்டின நிலையில் வச்சு, நாக்கு விழாம நிலைத் தகட்டை மறைக்கிறது. ஆபத்துன்னா உருவினாப் போதும்னு சொல்வாங்க. பதற்றத்தில் உருவ மறப்பாங்க. பல இடத்தில் இது வர்றதே சாவி இல்லாத மாற்று ஆசிரியருக்காகத்தான், உவால்டேயிலும் அப்படித்தான். மாற்று ஆசிரியர் காலையில் கையெழுத்துப் போடும்போதே அந்த அறைச் சாவியும் தரப்படுதா, மாலையில் எண்ணித் திருப்பி வாங்க யார் பொறுப்புன்னு கேளுங்க.