யாழினியின் பேச்சுப் போட்டி – நம் குடும்பக் குழு

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ரேச்சல் பிளாக்மோர் பற்றிப் பேசப்போகிறேன். தடை தாண்டும் பெரிய குதிரைப் பந்தயத்தை வென்ற முதல் பெண். 2021, இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயம்.

கார்த்தி அண்ணன்: அருமை! முப்பது தடைகள், ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். உயிரைப் பணயம் வைக்கும் பந்தயம்.

ரேவதி அத்தை: நல்ல தேர்வு, கண்ணு. ஆனால் "கிராண்ட் நேஷனலை வென்ற முதல் பெண்" என்று மட்டும் சொல். செக் நாட்டின் வெல்கா பர்துபிட்ஸ்கா பந்தயத்தை 1937லேயே ஒரு பெண் வென்றுவிட்டார். லாட்டா பிராண்டிசோவா. அப்போது அவருக்கு வயது 42.

யாழினி: பிளாக்மோருக்கு 84 ஆண்டு முன்பா அத்தை? அந்தப் பந்தயம் அவ்வளவு பெரியதா?

ரேவதி அத்தை: 1874 முதல் பர்துபிட்சே நகரில் நடக்கிறது. தூரமும் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர்தான். நாலாவது தடையான டாக்சிஸ்தான் எல்லாரையும் நடுங்கவைப்பது. உயரமான புதர்வேலி, அதற்கு அப்பால் அகலமான பள்ளம். குதிரை தாவி எழும்பும்வரை பள்ளம் அதன் கண்ணுக்கே தெரியாது.

முருகேசன் சித்தப்பா: குதிரை பாவமில்லையா அக்கா? எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

ரேவதி அத்தை: பாவம்தான் தம்பி, மறுக்க மாட்டேன். அந்தத் தடையில் குதிரைகள் செத்திருக்கின்றன. 1990களில் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்தார்கள். இன்னும் குறைத்தாலும் எனக்குச் சம்மதமே.

கார்த்தி அண்ணன்: லாட்டா கதைக்கு வாருங்கள் அத்தை.

ரேவதி அத்தை: 1927இல் முதன்முறை இறங்கினார். பெண் ஓட்டக் கூடாது என்று ஆண்கள் எதிர்த்தார்கள். விழுந்தார், மறுபடி ஏறினார், ஐந்தாவதாக வந்தார். அதோடு விடவில்லை, பத்து ஆண்டு திரும்பத் திரும்ப வந்தார். 1930களில் ஜெர்மானிய வீரர்களின் கை ஓங்கியிருந்தது. ஹிட்லர் எல்லையில் மிரட்டிக்கொண்டிருந்த காலம். நாட்டை நிறுவிய மசாரிக் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 17, நோர்மா என்ற பொன்னிறப் பெண்குதிரையில் முதலாவதாக வந்தார்! இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மேனி சிலிர்க்கிறது.

முருகேசன் சித்தப்பா: அப்புறம் என்ன ஆனார்?

ரேவதி அத்தை: அடுத்த ஆண்டு பந்தயமே நடக்கவில்லை. பிறகு போர். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, பிரபுக் குடும்பம் என்பதால் சொத்து பறிபோனது. சகோதரிகளோடு ஒரு சிறு வீட்டில் வறுமையில் வாழ்ந்தார். அவர் பெயரைப் பேசவே ஆளில்லை. 1981இல் ஆஸ்திரியாவில் காலமானார். இவ்வளவு துணிந்த ஒருவரை மறக்கவைத்தது பெரிய அநியாயம்.

யாழினி: அத்தை, பிளாக்மோரை விட்டுவிட்டு இவரைப் பற்றியே பேசட்டுமா?

ரேவதி அத்தை: இருவரையும் பேசு. லாட்டாவில் தொடங்கு. ஐந்து நிமிடம்தானே? எழுதி அனுப்பு, இன்றிரவே பார்க்கிறேன்.